ரொட்டிக் கம்பியால் காய்ச்சல் அளந்த படலம்

இருபத்திரண்டு ஆண்டுகள் அனல்கக்கும் அடுப்பின் வாயெதிரே அசையாது நின்றவனை, இரும்புத் தட்டுகளை வெறுங்கையால் இழுத்திழுத்துத் தீயையே சலிப்படைய வைத்தவனை, புருவத்தில் மாவும் முழங்கையில் தழும்பும் அணிகலனாய்ப் பூண்டவனை, விடிவதற்குள் நானூறு பன்களுக்கு உயிர்கொடுத்துவிட்டு ஒன்றுமே நடவாததுபோல் சட்டையை உதறிக்கொண்டு வீடு திரும்புபவனை, ஈஸ்ட்டு மணம் முன்னே வரத் தான் பின்னே வரும் பெருந்தகையை, பேக்கரிக் காவலனை முதற்கண் வணங்குவோம்.

அவ்வீரன் கண்ட களங்கள் பல. பொங்காத மாவோடு பொருதான். புகைவிட்ட அடுப்போடு பொருதான். "நேத்து வாங்கின பன்னு கல்லு மாதிரி இருந்துச்சு" என்று கடைவாசலில் முழங்கிய வாடிக்கையாளரோடும் பொருதான். எல்லாவற்றிலும் வென்றான். கடைசியதில் மட்டும் பன்னைத் திருப்பி வாங்கிக்கொண்டு வென்றான். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்கு, செருப்பைக் கழற்றி வாசலில் விட்ட அந்தக் கணத்தில், எந்த அடுப்பும் கற்றுத்தராத ஒரு போர் அவனுக்காகப் படுக்கையறையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தது.

அங்கே சுருண்டிருந்தவள் அவன் மனைவி. லிஃப்ட் கம்பெனியொன்றின் புகார்த் தொலைபேசிக்கு அரசி. ஊரில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் முரண்டு பிடித்து நின்றாலும் அந்த அழுகுரல் முதலில் அவள் செவியைத்தான் எட்டும். எட்டிய புகாரை அவள் ஒற்றைக் கேள்வியெனும் வாளால் இரு கூறாக்குவாள்: "உள்ள ஆள் இருக்காங்களா?" இருந்தால் சிவப்பு, மெக்கானிக் பறப்பார். இல்லையென்றால் பச்சை, மெக்கானிக் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வருவார். பதினான்கு ஆண்டுகளாக உலகத்துத் துயரமனைத்தையும் இவ்விரு நிறங்களுக்குள் அடக்கி ஆண்டவள் அவள். அன்று பாதி ஷிப்டில் எழுந்து வந்துவிட்டாள் என்பதே, ஞாயிறு பாதி வானத்தில் "போதும்" என்று திரும்பிப் போனதற்கு ஒப்பான அதிசயம்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒன்னுமில்லங்க. லேசா ஜுரம். பச்சைதான்."

"பச்சைன்னா?"

"உள்ள யாரும் மாட்டல. படுத்து எழுந்தா சரியாயிடும். கதவச் சாத்திட்டுப் போங்க."

போவானா அவன்? தீயோடு பழகிய அந்த வலக்கரத்தை உயர்த்தினான். மலைமுகட்டில் முகில் இறங்குவதுபோல் அது அவள் நெற்றியில் இறங்கியது. அறை மூச்சடக்கிக் காத்திருந்தது. மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறிகூட ஒரு சுற்றைத் தயங்கிச் சுற்றியது. (அதற்கு அந்தப் பழக்கம் உண்டு, கண்டென்சர் போய்விட்டது.)

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு ஆண்டு தட்டு இழுத்த உள்ளங்கை அது. தோல் தடித்து, காய்த்து, சூடென்றால் என்னவென்றே மறந்துபோன உள்ளங்கை. கொதிக்கும் காபி டம்ளரைக் கையில் ஏந்திக்கொண்டே பத்து நிமிடம் பேசும் அக்கரத்துக்கு, உலகில் உயிரோடிருக்கும் எல்லா நெற்றியும் குளிர்ந்த நெற்றியே.

"காய்ச்சல் இல்லை! இந்நெற்றி தண்ணென்று இருக்கிறது!" என்று பிரகடனம் செய்தான் காவலன், அதாவது, "சில்லுன்னுதாம்மா இருக்கு" என்றான்.

அந்த நொடியே அவள் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின. தோள் குலுங்கியது, கட்டில் குலுங்கியது, கட்டிலோரம் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பில் சிற்றலை எழுந்து கரைமோதியது. கண்டான் வீரன். நெற்றியோ குளிர்ச்சி, உடலோ நடுக்கம். ஆதலின் எதிரி குளிரே என்று துணிந்தான். துணிந்தவன் தாமதித்தானில்லை. அலமாரியைத் திறந்து கம்பளியெனும் யானைப்படையை இறக்கினான். அதன்மேல் ஸ்வெட்டரெனும் குதிரைப்படை. அதன்மேல் ஜன்னல் திரையெனும் காலாட்படை. இறுதியில், பேக்கரியிலிருந்து துவைக்கக் கொண்டுவந்திருந்த அடுப்புக் கையுறைகள் இரண்டையும் அவள் பாதங்களில் மாட்டி, கோட்டைக்குக் காவலிட்டான்.

"என்னங்க, மூச்சு முட்டுது."

"பேசாத. தெம்பு போயிடும்."

ஆயினும் நடுக்கம் தணியவில்லை. அப்போதுதான் அவன் நெஞ்சில் முதல் பயம் பன்னுக்குள் ஈஸ்ட்டைப் போலப் புகுந்து, புகுந்ததும் பொங்கத் தொடங்கியது. கையைச் சட்டைப்பைக்குள் விட்டான். இடையில் செருகிய குறுவாளை உருவுவதுபோல் உருவினான், தன் தொழிற்கருவிகளிலேயே மெய்யுரைப்பதில் தலைசிறந்ததை: ரொட்டிக் கம்பி. நீண்டு கூர்ந்த ஊசிமுனையும், தலையில் சிறு கண்ணாடித் திரையும் கொண்ட வெப்பமானி. வெந்துவிட்டதா என்று சந்தேகம் தோன்றும் ரொட்டியின் வயிற்றில் செருகினால் அதன் உள்ளத்து உண்மையை எண்ணில் சொல்லிவிடும்.

போர்வைக் குவியலின் உச்சியிலிருந்து இரு கண்கள் அதைக் கண்டன.

"அதை மட்டும் என் பக்கத்துல கொண்டு வந்தீங்க..."

"குத்த மாட்டேம்மா. அக்குள்ள வெச்சுக்க. கடையிலயே சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்."

"லூசா நீங்க?"

என்றாலும் வாங்கி வைத்துக்கொண்டாள். சண்டை போடத் தெம்பில்லாததை அவள் ஒத்துக்கொண்ட முதல் அடையாளம் அதுதான். அதைக் கவனித்தவன் முகம் வாடியது. திரையில் எண்கள் ஏறின. முப்பது. முப்பத்தாறு. முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது புள்ளி நான்கு. நின்றது.

அவையோரே, இனி நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள, நம் நாயகன் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தன் தனிமையில் வளர்த்துவந்த ஒரு தத்துவத்தை நீங்கள் அறிந்தாக வேண்டும். ரொட்டியின் உள்சூடு தொண்ணூற்றாறு வந்தால் அது வெந்தது. மனிதனின் உடற்சூடு தொண்ணூற்றெட்டு. ஆகவே, ரொட்டி என்பது ஏறத்தாழ மனிதச் சூட்டுக்கு வரும்போதுதான் ரொட்டியாகிறது! ஓர் அளவு சென்டிகிரேட், மற்றொன்று ஃபாரன்ஹீட் என்னும் அற்ப வேறுபாடு இப்பேருண்மையின் குறுக்கே ஒருநாளும் வந்ததில்லை. விடியற்காலைகளில், அடுப்பைத் திறந்து பொன்னிறத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதை எண்ணி அவன் கண் கசிந்ததுண்டு.

இப்போது கம்பி சொன்னது முப்பத்தொன்பது. தொண்ணூற்றெட்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது!

இடி விழுந்த பனைபோல் நின்றான். பிசைந்து வைத்த மாவுகூட வெயில் நாளில் முப்பதைத் தொடும். தன் இல்லத்தரசி மாவுக்குச் சற்று மேலே, ரொட்டிக்கு வெகு கீழே, அணையும் அடுப்பாய்க் கிடக்கிறாள் என்று அவன் நெஞ்சு ஓலமிட்டது. தொலைபேசியை எடுத்தான். ஆம்புலன்ஸ் எண்ணின் முதல் இலக்கத்தை அழுத்தினான், விட்டான், மறுபடி அழுத்தினான், மறுபடி விட்டான். அழைத்துவிட்டு ஒன்றுமில்லை என்றாகிவிட்டால் தெருவே வாசலில் நின்று சிரிக்கும். அவள் ஒரு மாதம் சொல்லிக் காட்டுவாள். அழைக்காமல் விட்டு, ஏதாவது ஒன்று ஆகி... அந்த வாக்கியத்தை முடிக்க அவனிடம் சொல் இல்லை. இவ்வளவு அடுக்கிப் பேசும் நம்மிடமும் இல்லை.

ஆகவே, துயருற்ற வீரர் யாவரும் இறுதியில் செய்வதைச் செய்தான். அக்காவுக்குப் போன் போட்டான்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியொன்றில் வார்டு நர்ஸ். ஆயிரம் ஊசி போட்ட கரத்தினள். "வலிக்காது" என்று பொய்யுரைத்தே முதிர்ந்த நாவினள். பெரிய டாக்டர்களையே ஒரு பார்வையில் கையுறை மாட்ட வைப்பவள். மூன்றாம் மணியில் எடுத்தாள்.

"அக்கா! அவ உடம்பு பாதிகூட வேகலக்கா!"

"என்னடா ஒளர்ற?"

"முப்பத்தொம்போது புள்ளி நாலுதான் இருக்கு. தொண்ணூத்தெட்டு இருக்கணும்ல? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"எதுல பாத்த?"

"ரொட்டிக் கம்பில."

எதிர்முனையில் யாரோ ஒரு நோயாளி இருமினார். ஒரு தள்ளுவண்டி கடகடவென்று கடந்து போனது.

"டேய். மனுஷன் உள்ளுக்குள்ள தொண்ணூத்தெட்டு சென்டிகிரேட் இருந்தா கெண்டி மாதிரி காதுல ஆவி வரும்டா. அந்தக் கம்பி காட்டுறது வேற கணக்கு. முப்பத்தேழுதான் நார்மல். முப்பத்தொம்போதரைன்னா நூத்தி மூணு பக்கம். நல்ல காய்ச்சல் அவளுக்கு! ஆமா, போர்த்தி வெச்சிருக்கியா?"

வீரன் மெல்லத் திரும்பி, தான் எழுப்பிய கோட்டையைப் பார்த்தான்.

"...கொஞ்சம்."

"அண்ணி!" குவியலின் ஆழத்திலிருந்து கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஒரு குரல். "ஜன்னல் திரையெல்லாம் கழட்டிப் போட்டு மூடியிருக்காரு அண்ணி!"

"எடுடா எல்லாத்தையும்! ஒரே ஒரு மெல்லிசு போர்வை போதும். ஸ்பீக்கர்ல போடு."

இருபத்திரண்டு ஆண்டுத் தத்துவம் ஒரே நொடியில் நொறுங்கி, அடித்தட்டில் ஒட்டிய கேக்காய்க் கிடந்தது. அதை அள்ளிப்பார்த்துத் துக்கப்பட நேரமில்லை. யானைப்படை பின்வாங்கியது, குதிரைப்படை நாற்காலிக்கு ஓடியது, கையுறைகள் பாதங்களை விட்டு வெட்கத்தோடு இறங்கின. ஸ்பீக்கரிலிருந்து அக்காவின் கேள்விகள் கணைகளாய்ப் பாய்ந்தன. அவன் அவற்றை ஏந்தி அவளிடம் கொடுத்து, அவள் விடைகளை ஏந்தித் திரும்பினான். கழுத்தை வளைத்தால் தாடை நெஞ்சைத் தொடுகிறதா? தொட்டது. மூச்சு வாங்குகிறதா? இல்லை. உடம்பில் எங்காவது புள்ளி புள்ளியாய்ச் சிவந்திருக்கிறதா? இல்லை. விடாமல் வாந்தி? இல்லை. புத்தி தெளிவாக இருக்கிறதா?

"அவருக்கா, எனக்கா அண்ணி?"

"தெளிவாத்தான் இருக்கா," என்று தீர்ப்பளித்தாள் அக்கா.

"அதான் நான் சொன்னேனே, பச்சைன்னு," என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு. "சும்மா நின்னு போன லிஃப்ட்தான். உள்ள ஆள் இல்ல."

"சிவப்பும்மா இது! நூத்தி மூணு!" என்று முழங்கினான் வீரன். சற்றுமுன்வரை அந்த நூற்று மூன்றை முப்பத்தொன்பது என்று எண்ணித் துடித்தவன், இப்போது அதை நூற்று மூன்று என்று எண்ணித் துடித்தான். எண் எதுவாயினும் துடிப்பு மட்டும் குறையவில்லை. பச்சைக்கொடியும் செங்கொடியும் ஒரே தலையணைக்கு இருபுறமும் நின்று மோதின.

"ரெண்டு பேரும் சித்த வாய மூடுங்க," என்றாள் அக்கா. "ஒரு கேள்வி பாக்கி. ஏம்மா, மூத்திரம் எப்ப போன?"

மின்விசிறி தயங்கியது. அரசி, தன் அட்டவணையில் இல்லாத கேள்வி வந்துவிட்ட முகத்தோடு சுவரைப் பார்த்தாள்.

"டேய், நீ வெளிய போ."

"போகல," என்றான் அவன். அந்நாளில் அவன் விடுத்த பிரகடனங்களில் அதுவே மிகச் சிறியது. அது ஒன்றே நடுங்காமல் வந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து, காய்த்துப்போன அந்தக் கையால் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

அவள் மெல்லச் சொன்னாள். "ரெண்டு நாளா போகும்போது எரியுது அண்ணி. முதுகுல, இந்தப் பக்கம் கீழ, குத்துது. சீட்ட விட்டு எழுந்திருக்க முடியல. லைன் தொடர்ந்து வந்துட்டே இருக்கு. ரெண்டு பேரு லீவு. ஒரு லைன் எடுக்காம விட்டு, அதுல யாராவது உள்ள மாட்டியிருந்தா? அதான் அடக்கி அடக்கி வெச்சேன். தண்ணியும் குடிக்கல. குடிச்சா திரும்பப் போகணும்ல."

"எங்கிட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னா நீங்க இப்படித்தான் ஜன்னல் திரைய கழட்டுவீங்க."

ஜன்னலோ வெறிச்சென்று திறந்து கிடந்து, எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் நெடுநேரமாய் இவர்கள் குடும்பத்தைக் கண்டுகளித்துக்கொண்டிருந்தார்.

"சரி, கேளுங்க," என்றாள் அக்கா. குரலில் இருந்த கேலி போய்விட்டது. "ஆம்புலன்ஸ் வேண்டாம். ஆனா படுத்தா சரியாப்போற கேஸும் இல்ல. எரிச்சல், முதுகு வலி, குளிர் நடுக்கம்னா இன்னிக்கே டாக்டர் பாக்கணும். நாளைக்கு இல்ல, சாயங்காலம் இல்ல, இப்ப. ஒரு பாராசிட்டமால் குடுத்துட்டு டாக்ஸி பிடி. நடுவுல வாந்தி நிக்கலைன்னாலோ, பேச்சு குழறினாலோ, நேரா எங்க ஆஸ்பத்திரிக்கு வண்டியத் திருப்பு."

"அப்ப இது என்ன கலர் அண்ணி?"

"மஞ்சள்."

"எங்க லிஸ்ட்ல மஞ்சளே கிடையாதே."

"அதான் உன் பிரச்சனையே," என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள். வார்டில் யாரோ மணி அடித்தார்கள்.

பிறகு எழுந்தான் அவன்! ஒரு கையில் தண்ணீர்ப் புட்டியும் மறுகையில் அவள் கைப்பையும் ஏந்தி, தோளில் துண்டும் நெஞ்சில் கலக்கமும் தாங்கி, சட்டைப் பொத்தான்களை ஒரு துளை தள்ளி மாட்டிய கோலத்தோடு, மூன்று மாடிப் படியை ஒவ்வொரு படியாய் அவளை அணைத்து இறக்கி (அக்கட்டடத்தில் லிஃப்ட் இல்லை), கைகாட்டியும் நில்லாது பறந்த நான்கு டாக்ஸிகளைச் சபித்து, ஐந்தாவதன் குறுக்கே உயிரைத் துச்சமென மதித்துப் பாய்ந்து நிறுத்தி, "மெதுவாப் போங்க" என்றும் "வேகமாப் போங்க" என்றும் ஓட்டுநரை ஒரே மூச்சில் ஆணையிட்டுக் குழப்பி, வழிநெடுக மூடி மூடியாய் அவளுக்குத் தண்ணீர் புகட்டி, மூலைக் கிளினிக்கின் காத்திருப்போர் அவையில் தமக்கு முன்னிருந்த ஒன்பது பேரையும் தன் முகத்தின் பரிதாபம் ஒன்றினாலேயே இளகவைத்து, கதவு திறந்ததும் உள்ளே புகுந்து, மூக்குக்கண்ணாடி அணிந்த அந்த மருத்துவப் பேரறிஞர் வாய்திறக்கும் முன்பே, நெற்றி வரலாறு, கம்பி வரலாறு, முதுகு வரலாறு அனைத்தையும் அவர் மேசைமேல் கொட்டி, அவர் சிறு கிண்ணியொன்றை நீட்டிச் சோதனைக்கு அனுப்பியபோது கழிவறைக் கதவுக்கு வெளியே வாளில்லாக் காவலனாய் நிமிர்ந்து நின்று, முடிவு வரும்வரை சுவர்க்கடிகாரத்தின் ஒவ்வொரு நொடியோடும் தனித்தனியே மல்லாடி, ஈரேழு உலகமும் செவிசாய்க்க அவர் உரைக்கவிருந்த தீர்ப்புக்காக அவள் கையை இறுகப் பற்றினான்.

சிறுநீரில் தொற்று என்றார். மாத்திரை சாப்பிட்டாள், சரியாகிவிட்டது.