அக்காவின் நாவலைக் காத்த கறுப்புக் கதவு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே என் பழைய கணினி உட்பட எல்லோரும் நலம். அத்தானின் மூட்டுவலியும் என்மேல் உனக்கிருந்த கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பதிப்பாளர் கேட்கும் உன் துப்பறியும் நாவலின் ஒரே பிரதி, அந்தச் சின்ன ஃப்ளாப்பி, பத்திரமாக வந்து சேர்ந்தது. கணினியில் செருகி நகல் எடுப்பதற்குப் பதிலாக, கைப்பழக்கத்தில் முழுவதையும் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டேன், எனக்கு உயிரே போய்விட்டது, ஆனால் கணினி 'இதில் எழுத அனுமதி இல்லை' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. எடுத்துப் பார்த்தால், மூலையில் அரிசி அளவுக் கறுப்புக் கதவு ஒன்று திறந்திருக்கிறது. அன்றே நீ நகத்தால் தள்ளி வைத்தது.

அந்தக் கதவைக் கண்டுபிடித்தவன் மகா கெட்டிக்காரன், அக்கா. பழைய பெரிய ஃப்ளாப்பியில் ஓரத்து வெட்டின்மேல் ஸ்டிக்கர் ஒட்டினால்தான் பாதுகாப்பு, பசை காய்ந்து விழுந்தால் போச்சு. பாட்டுக் கேசட்டிலோ பாட்டு அழியாமலிருக்க முதுகிலுள்ள பிளாஸ்டிக் பல்லை உடைக்கணும், மனசு மாறினால் செலோடேப் தேடி அலையணும். இதில் உடைக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். ஓட்டை வழியே வெளிச்சம் தெரிந்தால் பத்திரம், மூடினால் ஆபத்து. வீட்டுக் கதவுக்கு நேர் எதிர். இது தெரியாமல் பத்திரத்துக்கு என்று மூடப் போன என் கையை மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அதை விடுங்க. உங்கள மாதிரி ஆளுங்க தொடுவாங்கன்னு தெரிஞ்சுதான் ஒருத்தன் அதப் பண்ணியிருக்கான்."

உண்மைதான். என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட பொருள் இந்த வீட்டில் வேறு இல்லை. அந்தப் பிளாஸ்டிக் துண்டை மனசாரக் கும்பிடுகிறேன். இன்னும் நகல் எடுக்கவில்லை, முதலில் இந்த அதிசயத்தை உனக்குக் கணினியிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. நாவல் பத்திரம், நிம்மதியாகத் தூங்கு.

அன்புத் தம்பி

பின்குறிப்பு (அச்செடுத்த தாளில், கையால்): இந்தக் கடிதமும் உன் நாவலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டுமே என்று, மனைவி குளிக்கப் போன நேரத்தில் கதவை மூடினேன். கடிதத்துக்கு 'அக்கா' என்று பெயர் கொடுத்தேன். 'இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அதன்மேல் எழுதவா?' என்று கணினி கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே என்று 'ஆம்' சொன்னேன். அந்தக் காலத்தில் உன் நாவலைத் தட்டச்சு செய்து, அந்தக் கோப்புக்கு 'அக்கா' என்று பெயர் வைத்ததும் நான்தான். கதவை மறுபடி திறந்துவிட்டேன், இனி இந்தக் கடிதத்தை யாராலும் அழிக்க முடியாது. பதிப்பாளர் வெள்ளிக்கிழமை வருகிறார். அக்கா, கொலை செய்தது யார் என்று உனக்கு நினைவிருக்கிறதா?