தூக்குவாளிக்குப் பதில் ஒரு கிடார்

ராஜபாளையம்,
27.11.1994, ஞாயிறு

சேலம் ஜங்ஷனில் குடியிருக்கும் அன்புத் தம்பி ராஜரத்தினத்துக்கு, உன் அண்ணன் சௌந்தரபாண்டியன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் மதினி ஞானபாக்கியமும் சுகமாக இருக்கிறோம். என் இடது காது மட்டும் சுகமாக இல்லை. அது என்னோடு சேர்ந்து பஞ்சு மில்லிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டது. வலது காது பாதி வேலைக்கு வருகிறது. அங்கே நீயும் தங்கபாயும் குழந்தை செல்லக்கனியும் சுகத்தோடும் பெலத்தோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஐப்பசி மழை இந்த வருஷம் குறை வைக்கவில்லை.

நிற்க. நீ கடைசியாக இங்கே வந்தது மே மாதம், என் ரிட்டயர்மென்ட் விழாவுக்கு. மாலை போட்டாய், போட்டோவில் நின்றாய், உன் மதினி தூக்குவாளியைத் திறந்து காபியை ஊற்றப் போனதும் "வயிறு சரியில்லண்ணே" என்று எழுந்து போய்விட்டாய். பஸ் ஸ்டாண்டில் நின்று நீ இரண்டு வடையும் ஒரு காபியும் சாப்பிட்டதை மில்லில் எனக்குக் கீழே வேலை பார்த்த மாரிச்சாமி கண்ணால் பார்த்திருக்கிறான். இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டு வாசல்படி ஏறினால் மட்டும் ஒருவனுக்கு வயிறு கெட்டுப்போகுமா? காரணம் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? காரணம் அந்தத் தூக்குவாளிதான்.

1966இல் நீ எஸ்.எஸ்.எல்.சி.யில் பெயிலான வாரம், நம் பாஸ்டர் மாற்றலாகிப் போகும்போது அவர் மகன் உனக்குக் கொடுத்துவிட்டுப் போன கிடாரை, பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவனிடம் போட்டுவிடும்படி உன் மதினிக்கு உத்தரவு கொடுத்தேன். கொடுத்துவிட்டு, நைட் ஷிப்டு பார்த்த களைப்பில் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது கிடார் போய், மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி வந்திருந்தது. நல்ல கனமான வாளி, அதை இப்போதும் சொல்வேன். அதில்தான் ரிட்டயர் ஆகிற நாள் வரை மில்லுக்குச் சோறு கொண்டுபோனேன். நீ அடுத்த மாதமே சேலத்துக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து அந்த வாளியிலிருந்து எது ஊற்றினாலும் உனக்கு வயிறு சரியில்லை.

இதை எழுதுவதால் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. அண்ணன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. உன் பொருளுக்குப் பதில் பொருள் தருவது என்று தீர்மானம் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் ஏதோ ஒரு கிடாரைக் கடையில் வாங்கி அனுப்ப நான் தயாராக இல்லை. மில் இரைச்சல் இல்லாமல் வீட்டில் சும்மா உட்கார்ந்த முதல் நாள், என் காதுக்குள் தானாகக் கேட்டது உன் கிடார்தான். சத்தம் வெளியே துள்ளாமல் உள்ளேயே பேசும். அடுத்த அறையில் யாரோ நம்மைப் பற்றி நல்லவிதமாகப் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். அதே சத்தம் இருந்தால் வாங்குவது, இல்லையென்றால் தேடிக்கொண்டே இருப்பது என்று முடிவு கட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பொன்னுராஜ் என்று ஒரு தச்சன் இருக்கிறான். பள்ளிக்கூடத்துக்கு டெஸ்க் செய்வது தொழில், சர்ச் பாடகர் குழுக்களுக்குக் கையாலேயே கிடார் செய்வது ஆசை. நாற்பது வயதுதான் இருக்கும்; கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு நீளம். அவன் பட்டறையில் மூன்று கிடார் தொங்கியது. ஒன்று பலா, ஒன்று தேக்கு, ஒன்று மலைவேம்பு. நான் முதலில் மூன்றையும் முதுகில் தட்டிப் பார்த்தேன். "அண்ணாச்சி, இது தேங்கா இல்ல. தந்தியத் தட்டுங்க" என்றான். தந்தியைத் தட்டினால் என் காதுக்குச் சரியாக எட்டவில்லை. மில்லில் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஸ்குரூடிரைவர் முனையை மெஷினில் வைத்து அடிப்பிடியைத் தாடையில் அழுத்துவோம். உள்ளே நடப்பதெல்லாம் மண்டைக்குள் கேட்கும். அதே முறைப்படி கிடாரின் தலையைப் பல்லால் கடித்துக்கொண்டு மீட்டினேன். அருமையாகக் கேட்டது. பொன்னுராஜ் உளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணாச்சி! கரும்பா அது? பாலிஷ் போட்டு மூணு நாள்தான் ஆவுது!"

இப்படி ஐந்து தடவை போனேன். பலா சத்தம் போட்டது, வேண்டாம் என்றேன். தேக்கு வாயே திறக்கவில்லை. மலைவேம்பு கொஞ்சம் கிட்டே வந்தது, ஆனால் குரலில் இளவட்டத் திமிர். ஒவ்வொரு தடவையும் உன் மதினியைச் சமாதானப்படுத்தப் பக்கத்துக் கடையில் பால்கோவா வாங்கிக்கொண்டு போனதில், ஐந்தாவது தடவை அவள் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. "பால்கோவாவக் கண்டாலே தெரியுது, கிடாரக் கடிக்கப் போயிட்டு வாரீய" என்றாள். பொன்னுராஜும் பொறுமை இழந்து, "காது உள்ள ஆளா ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க, அப்பத்தான் மேக்கொண்டு பேசுவேன்" என்று சொல்லிவிட்டான்.

ஆகவே ஆறாவது தடவை உன் மதினி பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மூன்றையும் கேட்டுவிட்டு, "மூணும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. இந்த மலைவேம்பு நம்ம பீரோ கலர்ல இருக்கு, இத எடுங்க" என்றாள். நான் பொறுமையாக, தம்பியின் கிடார் எப்படி உள்ளேயே பேசும் என்று பொன்னுராஜுக்கு விளக்கினேன். அப்போது பாக்கியம், "அந்தச் சத்தம் இதுல எப்பிடி வரும்? அதுக்கு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டாள். பெண்களுக்குக் கருவிகளைப் பற்றி என்ன தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பொன்னுராஜ்தான் விஷயத்தைச் சொன்னான். "அண்ணாச்சி, புது மரம் இப்பிடித்தான் பேசும். வாசிச்சு வாசிச்சு, மரம் அதிர்ந்து அதிர்ந்து, பத்து இருவது வருசம் கழிச்சு அடங்கும். பொறவுதான் நீங்க கேக்குற சத்தம் வரும். அம்புட்டு வருசம் நான் எங்க போயி வாங்கிட்டு வர?"

அதிர்வுதான் வேண்டுமா? முப்பத்தாறு வருஷம் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின் ஓட்டிய மேஸ்திரியிடம் இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? மலைவேம்பையே எடுத்துக்கொண்டேன். நேராக மில்லுக்குப் போனேன். இப்போது என் இடத்தில் மாரிச்சாமிதான் மேஸ்திரி. பதினாலாம் நம்பர் ரிங் பிரேமுக்குப் பின்னால், தரையில் நின்றாலே பல் ஆடுகிற இடமாகப் பார்த்து, தூணில் கிடாரைக் கட்டித் தொங்கவிட்டோம். மூன்று ஷிப்டும் அதற்கு அதிர்வு. கணக்குப் போட்டால், மனுஷன் ஒரு வருஷம் வாசிப்பதை மெஷின் ஒரு நாளில் வாசித்துவிடும். நான்காம் நாள் ரவுண்டு வந்த புது மானேஜர் அதைப் பார்த்துவிட்டு "வாட் இஸ் திஸ்?" என்றிருக்கிறார். மாரிச்சாமி கொஞ்சமும் அசராமல், "காத்துல ஈரம் எம்புட்டுன்னு பாக்குற மெஷின் சார்" என்றிருக்கிறான். அவர் அதைக் கொஞ்ச நேரம் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, மற்ற டிப்பார்ட்மென்டுக்கும் ஒவ்வொன்று மாட்டச் சொல்லிப் போயிருக்கிறாராம். அது இனி மாரிச்சாமியின் கவலை.

தம்பி, பன்னிரண்டாம் நாள் அவிழ்த்துக் கொண்டுவந்து, வீட்டு நடையில் உட்கார்ந்து, தலையைக் கடித்துக்கொண்டு மீட்டினேன். வந்துவிட்டது! அதே சத்தம். துள்ளல் இல்லை, திமிர் இல்லை, உள்ளேயே பேசுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை எழுதுவதில் வெட்கம் இல்லை. பொன்னுராஜை வரவழைத்து மீட்டச் சொன்னேன். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "என்னண்ணாச்சி, மரம் ஜலதோசம் பிடிச்சதுகணக்கா இருக்கு?" என்றான். செய்தவனுக்கே தன் சாமானின் அருமை தெரியவில்லை. பன்னிரண்டு நாளில் நான் பன்னிரண்டு வருஷத்தை ஏற்றிவிட்ட பொறாமை என்று வைத்துக்கொண்டேன்.

ஆகையால் நாளைக் காலை கிடாரைச் சாக்கில் சுற்றி, லாரி ஷெட்டில் சேலம் பார்சலில் போடுகிறேன். வந்ததும் பிரித்துப் பார்த்து, சத்தம் அதுதானா என்று ஒரு கார்டு போடு. அதுதான் என்றால் நம் இருவருக்கும் இடையில் உள்ளது சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு நீ இங்கே வந்தால் ஒரு வாய் காபி குடிப்பாய் என்றும் எடுத்துக்கொள்வேன். தங்கபாய்க்கு எங்கள் அன்பு. செல்லக்கனிக்கு ஆயிரம் முத்தமும் ஆசீர்வாதமும். சமாதானத்தின் தேவன் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
ஞா. சௌந்தரபாண்டியன்
(ரிங் பிரேம் மேஸ்திரி, ரிட்டயர்டு)

பின்குறிப்பு: திங்கள் காலை. மேலே எழுதியது எதையும் நம்பாதே.

கடிதத்தை ஒட்டப் பசை எடுத்து வருவதற்குள், பாக்கியம் கிடாரைத் துடைக்கிறேன் என்று கவிழ்த்திருக்கிறாள். அதன் வட்ட ஓட்டையிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்திருக்கிறது. விளக்குமாற்றுக் குச்சியை விட்டு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்ததாம். நான் வந்து பார்க்கும்போது ஒரு தலையணைக்கு ஆகிற அளவுக்கு மில் பஞ்சு தரையில் கிடந்தது. பன்னிரண்டு நாளும் கிடார் அதிரவும் செய்திருக்கிறது, பறக்கிற பஞ்சையெல்லாம் விழுங்கவும் செய்திருக்கிறது. நான் தந்தியைத் தொட்டதும் பழைய திமிரோடு ஒரு சத்தம் போட்டது பார், என் வலது காதுக்குப் பல் உதவியே தேவைப்படவில்லை. "கெடுத்துட்டியே பாக்கியம்! தம்பி சத்தம் போச்சே!" என்று குதித்தேன்.

அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "அந்தக் கிடார்லயும் துணிதான் இருந்துச்சு. நீங்க நைட் ஷிப்டு பாத்துட்டு வந்து பகல்ல தூங்குவீய. அண்ணன் முழிச்சுறக் கூடாது மதினின்னு, கொழுந்தன் என்கிட்டக் கேட்டு சத்திரப்பட்டில நெய்யுற பேண்டேஜ் துணி வாங்கி உள்ள திணிச்சு வச்சுத்தான் வாசிப்பாரு. நீங்க கேட்ட சத்தம் அதுதான்."

"இருபத்தெட்டு வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீய? பாத்திரக்காரன் அந்தத் துணியவும் உருவி எடுத்துக்கிட்டான். கிடாருக்கு வாளி குடுத்தான், துணிக்குத்தான் மூடி குடுத்தான்."

தம்பி, நான் அந்த மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ எனக்காகச் சத்தத்தை அடக்கி வாசித்த கிடாரை, உன்னைத் தண்டிக்கிறேன் என்று போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. நம் வீட்டில் இல்லாத வழக்கம் இன்று முதல் உண்டு என்று வைத்துக்கொள்.

பார்சல் வராது, லாரி ஷெட்டில் போய்க் கேட்டு அலையாதே. கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் இங்கே வாருங்கள். கிடார் இங்கேயே உனக்காக இருக்கும்; அதன் உள்ளே பஞ்சு, துணி ஒன்றும் வைக்கவில்லை. நீ எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வாசிக்கலாம். எனக்கு இப்போது ஷிப்டு கிடையாது, பகலில் தூக்கமும் வருவதில்லை. எடுத்த பஞ்சையெல்லாம் அந்தத் தூக்குவாளியில் அடைத்து மூடியையும் போட்டுவிட்டேன். இனி அதில் காபி வைக்க முடியாது; அடுப்பிலிருந்து நேரே டம்ளரில்தான் வரும். ஆகவே இந்தத் தடவை வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.