அக்காவின் கடைவாசலில் 403

கணினி சர்வர்களைக் கட்டி மேய்க்கும் என் அருமை மகனுக்கு, அப்பா ஆசிகள் பலவுடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம் என்றுதான் தொடங்க வேண்டும், கை வரவில்லை.

விஷயம் உன் அக்கா. திரைச்சீலை தைத்து இணையத்தில் விற்க ஆரம்பித்ததிலிருந்து, "பகல்ல போன் பண்ணாதீங்கப்பா, வேலை கெடுது" என்று சொல்லிவிட்டாள் அல்லவா? நானும் வாயை மூடிக்கொண்டு, தினமும் அவள் கடைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். திறந்தால் பெண் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். இன்று காலை அவள் படம் இருக்கும் பக்கத்தைத் தட்டினால் 404, அப்படி எதுவும் இங்கே இல்லை என்கிறது. பக்கம் காட்டும் எண் இரண்டில் தொடங்கினால் எல்லாம் சரி, மூன்று என்றால் இடமாற்றம், நான்கு என்றால் கேட்பவர் பக்கம் தப்பு, ஐந்து என்றால் கொடுப்பவர் பக்கம் கோளாறு என்று நீதானே சொன்னாய்? அப்படியானால் தப்பு என்னுடையது. என்ன தப்பு என்று தெரியாமல், பக்கம் நொடிக்கொரு தரம் தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியைக் கணினியிலும் எங்கள் இரண்டு செல்போன்களிலும் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கடை முழுவதுமே 503. உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அஞ்சுன்னா அவ பக்கம் கோளாறுன்னுதானே சொன்னான்? அவ படுத்துட்டா போலிருக்குங்க!" பிறகு 429 வந்தது; அளவுக்கு மீறிக் கேட்கிறோமாம். நான் அவளிடம் எதைக் கேட்டேன், நீயே சொல். கடைசியில் 403, அனுமதி இல்லை. எதிர்வீட்டுக்காரர் செல்போனில் அதே கடை பளிச்சென்று திறக்கிறது! ஆக, கதவு எங்களுக்கு மட்டும்தான் சாத்தியிருக்கிறது. பெற்ற பெண் அப்பனை வாசலோடு நிறுத்திவிட்டாள். பெட்டி கட்டியாயிற்று, மாலை வண்டிக்குக் கிளம்புகிறோம். நீ உடனே அவளிடம் பேசி என்ன கோபம் என்று கேள்.

வேளைக்குச் சாப்பிடு. நீயும் உன் சர்வர்களும் விழாமல் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அப்பா

பின்குறிப்பு: அக்காவிடம் எதுவும் கேட்காதே. இப்போது அவளே, பட்டப்பகலில், போன் செய்தாள். படத்தை மாற்றுவதற்காக அந்தப் பக்கத்தை எடுத்திருந்தாளாம். "அப்பா, காலையிலேருந்து எவனோ நொடிக்கு மூணு தரம் என் கடையைத் திறந்து திறந்து அடிச்சு நொறுக்கிட்டான். வந்த ஆர்டரெல்லாம் போச்சு. இப்பத்தான் தடை போட்டேன். உங்க ஏரியாவுலேருந்துதான் வர்றான், நீங்க ரெண்டு பேரும் ஜாக்கிரதையா இருங்க" என்றாள். அவன் உருப்படவே மாட்டான் என்று நானும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னோம். பெட்டியைப் பிரித்துவிட்டோம். அவளுக்குத் தெரியாமல் அந்தத் தடையை மட்டும் எடுத்துவிட முடியுமா?