பிறகு பொங்குகிறவர்

கண்ணெதிரே ஒருவனை அடிக்கும்போது கல்லாகவும், அடித்தவன் போன பிறகு எரிமலையாகவும் மாறுகிற ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது, வாசகரே. எடுத்துக்காட்டு, ஓய்வுபெற்ற தாசில்தார் சிவசுப்பிரமணியன். "மனிதாபிமானம் செத்துப்போச்சு சார்" என்பது அவர் வணக்கம் சொல்லும் முறை.

போன வாரம் அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸில் இருந்தார். முன் சீட்டில் சிமென்ட் ஆலையில் மூட்டை தூக்கும் ஒடிசாக்காரர், அவர் மனைவி, மடியில் காய்ச்சலோடு குழந்தை. குன்னத்தில் ஏறிய இருவர், பின்னால் இடம் காலியாக இருந்தும், நேரே அங்கே போய் நின்றார்கள்.

"எந்திரிடா வடக்கா. எங்க ஊரு பஸ்ஸுல உனக்கு சீட்டு கேக்குதா?"

அவர் குழந்தையைக் காட்டினார். கன்னத்தில் அறை விழுந்தது. பையைப் பிடுங்கி எறிந்தார்கள். மருந்து பாட்டில் உருண்டு வந்து சிவசுப்பிரமணியனின் செருப்பில் முட்டியது.

அவர் என்ன செய்தார்? காலைத் தூக்கிக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் ஏறிட்டுப் பார்த்திராத மக்காச்சோளக் கொல்லைகளை ஜன்னல் வழியே ஆராய்ந்தார், நேற்றே படித்த செய்தியை ஃபோனில் மறுபடி படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாக, "அவன் முன்னாடி என்ன பண்ணானோ, நமக்கு விவரம் தெரியாது பாருங்க" என்றார்.

நியாயம்தானே? குழந்தையின் காய்ச்சலில் என்ன சதியோ, விசாரிக்காமல் தலையிடலாமா?

எழுந்தவர் லீலாவதி. துணிக்கடையில் பில் போடுகிறவர். வசனம் பேசவில்லை. அந்தப் பெண்ணை ஒட்டிப் போய் நின்று, "பாப்பாவுக்கு என்னம்மா?" என்று கேட்டார். அவளுக்குத் தமிழ் புரியவில்லை; பக்கத்தில் ஆள் நிற்பது புரிந்தது.

"கண்டக்டர் அண்ணே, வண்டியை ஸ்டேஷனுக்கு விடச் சொல்லுங்க. அடிச்சதை நான் பாத்தேன். நான் சொல்றேன்."

"நானும் பாத்தேன்" என்றார் பின்சீட்டுக்காரர். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கண்டக்டர் தங்கசாமி படிக்கட்டை மறிக்க முன்னே வருவதற்குள், வேகத்தடையில் பஸ் தயங்கிய இடத்தில் இருவரும் குதித்து ஓடினார்கள்.

இப்போது எழுந்தார் நம்மவர். "என்ன திமிரு அவனுங்களுக்கு. நானே கேக்கலாம்னு வாயைத் தொறந்தேன், நீ முந்திட்டம்மா."

"சரிங்க சார். உங்க காலடியில மருந்து பாட்டில் கெடக்கு, அதை எடுத்துக் குடுங்க" என்றார் லீலாவதி.

பெரம்பலூர் டீக்கடையில் "நாங்க விடல" என்று ஆரம்பித்தார். வீட்டுக்குப் போனபோது அது "நான் விடல" ஆகியிருந்தது.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். போன மாதம் நீங்கள் வந்த பஸ்ஸில் முன்பக்கம் ஏதோ சத்தம் கேட்டதே, என்னவென்று எழுந்து பார்த்தீர்களா?