மலையேறாத வீடு

தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் முப்பத்தாறு வயது வரை எனக்கு இருந்ததில்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வீடு.

ஃபேக்டரியில் செய்து லாரியில் வரும் வீடு. அப்போது நாங்கள் மலைமேல் அட்டுவம்பட்டியில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருந்தோம். சுவரில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். சொந்த வீடு என்பதைத் தவிர என் மனைவி சுமதிக்கு வேறு ஆசை கிடையாது. மன்னவனூரில் கேரட் போட்டிருந்த நிலத்தில் ஒரு மூலையை என் மாமனார் எங்களுக்கு ஒதுக்கினார். மேஸ்திரியிடமும் பேசிவிட்டார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"மழை வந்தா கட்டட வேலை நின்னுரும் மாமா. ஃபேக்டரி வீடுன்னா வெரசா முடிஞ்சிரும்."

"வீட்டை எங்கயோ செஞ்சு இங்க கொண்டாந்து வைக்கிறதா? நடக்குற சோலியா மாப்ள?"

"எல்லாம் நான் பாத்துக்கிறேன்." (இப்படி நான் சொன்ன எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை என்று சுமதி பிற்பாடு பட்டியல் போட்டுக் காட்டினாள்.)

கம்பெனியில் ஃபோனை எடுத்த பெண் பொறுமைசாலி. "எந்த டைப் சார்? சுவரும் கூரையும் தனித்தனிப் பலகையா வந்து உங்க இடத்துல மாட்டுற பேனல் டைப்பா, வீடு முழுசா ரெடியாகி வர்ற மாடுலர் டைப்பா, இல்ல கன்டெய்னரை வீடா மாத்தினதா?"

பலகை மாட்டுவது கட்டில் வாங்குவது போலிருந்தது. கன்டெய்னர் கௌரவக் குறைச்சல். "மாடுலர்தான். எல்லாம் நெட்ல படிச்சுட்டேன்" என்றேன். (படிக்கவில்லை. படம் பார்த்தேன்.)

"ரோடு எப்படி சார்?"

"அருமையான தார் ரோடு."

அதில் பொய்யில்லை. பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிற மலைச்சாலை. அது வளைகிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பால் காய்ச்சுவதாக முடிவாயிற்று. விட்டால் ஆனியும் ஆடியும் ஆகாத மாதங்கள். ஆவணி வரை காத்திருக்க வேண்டும். வாடகை வீட்டுக்கோ வேறு ஆள் வந்தாயிற்று. இரண்டு நாள் முன்பே வரவேண்டிய வீடு முகூர்த்தத்தன்று விடியும்போதுதான் மலையடிவாரம் சேர்ந்தது. நானும் சுமதியும் எதிர்கொண்டு அழைக்கப் போயிருந்தோம். நீண்ட டிரெய்லரின் மேல் கதவு, சன்னல், சமையல் மேடை சகிதம் ஒரு வெள்ளை வீடு வந்தது. சுமதி சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றது. லாரி திரும்பிவிட்டது. வீடு திரும்பவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். "நல்ல ரோடுன்னு சொன்னீங்களாமே சார்?"

"நல்ல ரோடுதானே?"

"ரோடு நல்லாத்தான் இருக்கு. திரும்பத்தான் எடமில்ல."

மேலே கேரட் லாரிகள் நின்றன, கீழே சுற்றுலா வேன்கள் நின்றன. ஒரு வேனிலிருந்து இறங்கியவர் வீட்டை அண்ணாந்து பார்த்து, "ரூம் காலியா இருக்குங்களா?" என்று என்னிடமே கேட்டார். சுமதி பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது.

ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும் மாமனார் சொந்தக்காரர்களையும் பால், அடுப்பையும் ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். வந்து சேரும்போது மணி பத்து. என்னைப் பார்க்காமல் வீட்டை மட்டும் ஒருமுறை சுற்றி வந்தார்.

"ஆவணி வரைக்கும் எம்மக எங்க மாப்ள இருப்பா?"

நான் டிரெய்லரின் டயரைப் பார்த்தேன். மாமனாரே மேலே பேசினார்.

"வீடு நம்மகிட்ட வரலைன்னா நாம வீட்டுக்கு வந்துட்டோம்ல. சுமதி, ஏறும்மா. நேரம் போகுது."

டிரைவரின் ஏணியில் ஏறி, வலது காலை எடுத்து வைத்து, சுமதி அந்த வளைவிலேயே பால் காய்ச்சினாள். வீடு சாய்ந்து நின்றதால் பால் ஒரே பக்கமாகப் பொங்கி வழிந்தது. "அது கெழக்கா?" என்று மாமனாரின் அண்ணி பெரியத்தைக்குச் சந்தேகம். "கெழக்குதான் மதினி, பேசாம குடிங்க" என்றார் மாமனார். வழக்குப் போட வந்த போலீஸ்காரர் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுத்தார்கள். குடித்த பிறகு அவரால் முழு மனதோடு திட்ட முடியவில்லை.

வீடு பின்பக்கமாகவே ஊர்ந்து மலையிறங்கச் சாயங்காலம் ஆயிற்று. கம்பெனி அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு பேனல் வீட்டை அனுப்பியது. அது சின்ன லாரியில் நாலு நடையாக, வளைவுகளைக் கண்டுகொள்ளாமல் வந்து சேர்ந்தது. ஆனியில் எப்படிக் குடிபோவது என்று பெரியத்தை இழுத்தபோது, "பால்தான் வைகாசியிலயே காய்ச்சியாச்சே" என்று மாமனார் முடித்துவிட்டார். அந்த வீட்டில்தான் இன்றுவரை இருக்கிறோம். ஒழுகவில்லை.

ஆனாலும் வத்தலக்குண்டு பஸ்ஸில் மனைவி வீட்டாரோடு மலையேறுவது எனக்கு இன்னும் பெரும் சோதனை. ஐந்தாவது வளைவு வந்ததும், "மாப்ள, வீடு வந்துருச்சு, எறங்கலையா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. மாமனார் மட்டும் எதுவும் கேட்க மாட்டார். குனிந்து செருப்பைக் கழற்றிவிடுவார். வளைவு தாண்டிய பிறகு நிதானமாக மாட்டிக்கொண்டு, "பால் காய்ச்சின எடம் மாப்ள, செருப்புக் காலோட போகலாமா?" என்பார்.