மச்சான் வீட்டு வாசலில் நான் போட்ட கோலம்

கராச்சர்மா,
19-8-1966.

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் பன்னீர்செல்வம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மீனாம்பாளின் கணவன் பக்கிரிசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் தங்கள் தங்கையும் சௌக்கியம். அங்கே தாங்களும், வீட்டில் அக்காவும், தங்கள் டூரிங் டாக்கீஸும் சௌக்கியமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். சௌக்கியம் என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. உள்ளபடி சொன்னால், தங்கள் தங்கை ஒரு வீட்டிலும் நான் ஒரு வீட்டிலுமாகச் சௌக்கியமாக இருக்கிறோம். நடுவில் வேலி. இதற்கு முழுக் காரணம் தாங்கள்தான். நாளை மறுநாள் மெட்ராஸ் கப்பல் கிளம்புகிறது. அதை விட்டால் அடுத்தது எப்போதென்று கப்பல் ஆபீசுக்கே தெரியாது. ஆகையால் மூச்சுவிடாமல் எழுதுகிறேன், தாங்களும் மூச்சுவிடாமல் படிக்கவும்.

இந்தத் தீவை விட்டு மெயின்லேண்டுக்குப் போய்ச் சினிமா காட்டிச் சம்பாதித்து வீட்டுக் கடனை அடைத்துவிடுவதாகச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் சாவியை என் கையில் கொடுத்துக் கப்பலேறினீர்களே, அன்று துறைமுகத்தில், "மாப்பிள்ளை, சும்மா ஒரு பார்வை பாத்துக்குங்க" என்றீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்கப் பார்க்க வீடு மறைந்துவிட்டது. மழை பிடித்ததும் வேலியில் இருந்த கொடி தங்கள் தகரக் கூரையில் ஏறி, அங்கே இடம் போதாமல் என் கூரைக்கும் வந்துவிட்டது. சமையலறையில் தாங்கள் போட்டுவிட்டுப் போன தேங்காய்கள் முளைத்து, அதில் ஒன்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தெருவிலுள்ள கோழிகளெல்லாம் தங்கள் கூடத்தில்தான் முட்டையிடுகின்றன. எந்த முட்டை யாருடையது என்று தமிழிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் ஆரம்பிக்கிற சண்டை, திட்டுவது எல்லாருக்கும் புரிய வேண்டுமே என்பதற்காக இந்தியில் முடிகிறது. போதாக்குறைக்கு நத்தை. யுத்தத்தில் தீவைப் பிடித்த ஜப்பான்காரன் விட்டுவிட்டுப் போனது என்பார்களே, அந்தப் பெரிய நத்தைதான். தங்கள் சுவர் முழுக்கப் பொத்தான் தைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரவெல்லாம் தகரம் அடித்துக்கொள்கிற சத்தத்தில் தூங்காமல் ஆபீசுக்குப் போய் ஸ்டோரில் ஆணி கேட்டவனுக்குத் தாழ்ப்பாள் கொடுத்து வசவு வாங்கினேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அப்புறம்தான் கடன் சங்கத்து இன்ஸ்பெக்டர் பக்தவத்சலம் சைக்கிளில் வந்து இறங்கினார். தங்கள் கதவில் ஜப்தி நோட்டீஸை மைதாப் பசை தடவி நன்றாக ஒட்டிவிட்டுப் போனார். விடிந்து பார்த்தால் நோட்டீஸ் இல்லை. மறுபடி வந்து ஒட்டினார். மறுபடியும் இல்லை. "ஏன் சார், நீங்கதான கிழிக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார். "நத்தை தின்னுடுச்சு சார்" என்றேன். சத்தியமாக அதுதான் நடந்தது. பசைக்காக வந்த நத்தை காகிதத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது. தன் சர்வீஸில் நாய் கடித்திருக்கிறது, ஆள் அடித்திருக்கிறான், நத்தை மட்டும் இதுவரை குறுக்கே வந்ததில்லை என்று சொல்லிவிட்டு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "பூட்டிக் கெடக்குற வீடுன்னா சீல் வெச்சு ஏலத்துல விட்டுடுவாங்க சார். கடன் வாங்கினவரோட கூடப் பொறந்தவங்க யாராச்சும் குடியிருந்தா பொங்கல் வரைக்கும் தவணை வாங்கித் தரலாம். அப்படி யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். என் நாக்கில் சனி இருந்திருக்கிறது. "அவர் தங்கச்சி இருக்காங்களே" என்று சொல்லிவிட்டேன். "அப்ப அடுத்த தடவை வந்து பாக்குறேன்" என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

தங்கச்சி என்றால் மீனாம்பாள்தானே, அவளிடம் சொல்லி நாலு நாள் அங்கே இருக்கச் சொல்வதற்கென்ன என்று தாங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். "கடன் விசயம் மீனாவுக்கு மட்டும் தெரியக் கூடாது மாப்பிள்ளை, தெரிஞ்சா அவ மொகத்துல நான் முழிக்க முடியாது" என்று என் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதிச் சத்தியம் வாங்கியவர் தாங்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அவள் கடைசியில் வந்து நிற்கிற இடம் தங்கள் சிமெண்ட் தரைதான். "எங்கண்ணன் தனியா வந்து சிமெண்ட் தரை போட்டு வீடு கட்டுச்சு, நீங்க இன்னும் பலகையில உருண்டுகிட்டுக் கெடக்குறீங்க" என்பாள். அந்தச் சிமெண்ட் ஏலத்துக்கு வருகிறது என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே நானே தங்கள் தங்கையானேன். பெட்டிக்கு அடியில் கிடந்த மீனாம்பாளின் பழைய அரக்குப் புடவையை எடுத்துப்போய்த் தங்கள் துணிக்கொடியில் உலர்த்தினேன். பொழுது சாய்ந்ததும் அரிக்கேன் விளக்கை ஏற்றி ஜன்னலில் வைத்தேன். அடுப்பில் தேங்காய் மட்டையைப் போட்டுப் புகை கிளப்பினேன். மீனாம்பாள் எழுந்திருப்பதற்குள் போய் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டேன். மச்சான், கோலம் போடுவது இவ்வளவு கஷ்டமென்று இத்தனை வயதுக்கு எனக்குத் தெரியாது. புள்ளியெல்லாம் சரியாக வைத்துவிட்டேன். கோடு இழுக்கும்போதுதான் அது எங்கேயோ போய், தாமரை போட உட்கார்ந்தால் நண்டு வந்தது.

வினை அந்த நண்டால் வந்தது. எதிர் வீட்டு வங்காள அம்மாள், ஹால்தார் பாபுவின் மனைவி, தினமும் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். மீனாம்பாளைப் பிடித்து, "உஸ் கர் மே நயீ பஹூ ஆயீ க்யா?" என்று கேட்டாளாம். அந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்திருக்கிறாளா என்று. அதோடு விட்டாளா? கோலத்தைப் பார்த்தால் அனுபவமில்லாத கை, சின்னப் பெண்ணாகத்தான் இருக்கும், உன் வீட்டுக்காரர்தான் பாவம் சாயங்காலமானால் விளக்கேற்றி உதவி செய்கிறார் என்றும் விளக்கியிருக்கிறாள். மீனாம்பாள் வேலியோரம் போய்ப் பார்த்தாள். கொடியில் அவளுடைய அரக்குப் புடவை ஆடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் நான் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது பின்னால் தங்கள் தங்கை துடைப்பத்தோடு நின்றாள். "எங்க அவ?" என்றாள். யாருமில்லை என்றேன். "யாருமில்லாத வீட்டுல யாருக்கு ஒல வெக்கிறீங்க?" என்றாள். சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டுமே, மறுபடி குனிந்து அடுப்பை ஊதினேன். மூலை முடுக்கெல்லாம் தேடினாள். ஒரு கோழியும் மூன்று முட்டையும்தான் அகப்பட்டன. "நான் வர்றது தெரிஞ்சு ஓடிட்டா. எப்படியும் திரும்பி வருவால்ல, வரட்டும்" என்று சொல்லி, தன் பெட்டியையும் பாயையும் கொண்டுவந்து தங்கள் கூடத்தில் போட்டவள்தான், இன்னும் திரும்பவில்லை. சிமெண்ட் தரையைக் கழுவி முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டாள். நத்தைகளெல்லாம் அவள் தூவிய உப்புக்கு மடிந்தன. கூரையில் ஏறிய கொடியை வெட்டி என் பக்கம் வீசிவிட்டாள். வாசலில் இப்போது உண்மையான தாமரை. நடுவில் இன்ஸ்பெக்டர் பக்தவத்சலம் வந்து அவளோடு பேசிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதை வேலிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவர் சந்தோஷமாகத்தான் போனார். மீனாம்பாள் முகம் மட்டும் அதற்குப் பிறகு இன்னும் இறுகிவிட்டது. என்ன பேசினார்களோ, கேட்க எனக்குத் தைரியமில்லை.

தங்கள் வீடு தப்பிக் கிடக்கிறது, என் வீடுதான் போய்விட்டது. நான் சோறு வடித்தால் அடி கருகி மேலே வேகாமல் இருக்கிறது. ரசம் என்று நான் வைத்ததை ஹால்தார் வீட்டுப் பூனை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. அதுவும் போகட்டும். யாரோ ஒரு புண்ணியவான், பக்கிரிசாமி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான் என்று ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். சர்க்கார் உத்தியோகஸ்தன் இரண்டு பெண்டாட்டி வைத்தால் வேலை போய்விடும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஹெட்கிளார்க் ஜம்புலிங்கம் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்றார். திங்கட்கிழமைக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டுமாம். உண்மையை எழுதினால் ஊரெல்லாம் பரவி மீனாம்பாள் காதுக்குப் போகும். எழுதாவிட்டால் வேலை போகும். ஒரு பெண்டாட்டியும் கூட இல்லாமல் கிடக்கிறவனுக்கு இரண்டு பெண்டாட்டிக் கேஸ் வந்திருக்கிறது. இதைவிட வயிற்றெரிச்சல் என்ன இருக்கிறது, மச்சான்? அவள் இல்லாத வீட்டில் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆகையால் கண்டிப்பாக எழுதுகிறேன். டாக்கீஸை விற்பீர்களோ, கொட்டகையோடு கொளுத்துவீர்களோ, அது தங்கள் இஷ்டம். இந்தக் கடிதம் கண்டதும் கப்பலேறி வந்து, தங்கள் வாயால் தங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லி, கடனையும் கட்டி, என் பெண்டாட்டியை எனக்கு மீட்டுத் தரவேண்டியது. வராத பட்சத்தில் சத்தியமாவது ஒன்றாவது, நானே சொல்லிவிடுவேன். பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

மற்றபடி அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் கொட்டகையில் தினமும் கூட்டம் நிரம்பி, மழை பெய்யாமல் முருகன் காப்பாற்றட்டும். இங்கே பெய்கிற மழையே இரண்டு ஊருக்கும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
பக்கிரிசாமி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது மீனாம்பாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வந்து சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். போனேன். இலையில் மீன் குழம்பு. மொட்டைக் கடுதாசி சேதி அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. அன்றைக்கு வந்த இன்ஸ்பெக்டர் கடன், ஜப்தி, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அப்புறமும் ஏன் கோபமாக இருந்தாய் என்றேன். "கோவமா இருந்தாத்தான இங்கயே இருக்க முடியும்? நான் இருந்தாத்தான வீடு நிக்கும்? எங்கண்ணன் வெசயம் எனக்கும் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா, நீங்க அதை எளக்காரமாப் பேசுவீங்கன்னு பயந்துட்டேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் குழம்பு உறைக்காமலே கண்ணில் தண்ணீர் வந்தது. திங்கட்கிழமை அவளே ஆபீசுக்கு வந்து, அந்த வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை தானேதான் என்று ஹெட்கிளார்க்கிடம் சொல்லப் போகிறாள். நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு தங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். சிமெண்ட் தரை குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆகவே டாக்கீஸை விற்கவோ கொளுத்தவோ வேண்டாம்; நிதானமாகப் பொங்கலுக்கு வந்தால் போதும். கடிதத்தைக் கிழித்து வேறு எழுதலாம் என்றால், எழுதின வசவு வீணாகிறதே என்று மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் முக்கியம். தனக்கு விஷயம் தெரியும் என்பது அண்ணனுக்குத் தெரிந்தால் அண்ணன் குன்றிப்போய்விடுவார், எழுதக் கூடாது என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். ஆகையால் இந்தப் பின்குறிப்பை நான் எழுதவுமில்லை, தாங்கள் படிக்கவுமில்லை. வந்து இறங்கியதும், "அட, மீனா, நீ எப்போ இங்க குடிவந்த?" என்று ஆச்சரியப்பட வேண்டும். தங்கள் முகத்தில் எதுவும் மறையாது. மெட்ராசிலிருந்து இங்கே வர நாலு நாளாகும். கப்பலிலேயே பழகிக்கொண்டு வரவும்.