ரேங்க்கும் டேங்க்கும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கலையரசன் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

மதுராந்தகத்தில் சொந்த வீடு. மறைமலை நகர் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர் உத்தியோகம். குடிப்பழக்கம் இல்லை. இந்த மூன்றையும் விசாரித்துப் பெண் கொடுத்த மாமனார், நான்காவதாக ஒன்றை விசாரிக்காமல் விட்டுவிட்டார். மாப்பிள்ளைக்கு ஜப்பான்காரனின் அனிமே என்றால் பைத்தியம். கார்ட்டூன் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு.

அதிலும் கதையெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். தொடர் ஆரம்பிக்கும் முன்னால் ஒன்றரை நிமிஷம் ஒரு பாட்டு வரும். ஆட்கள் ஓடுவார்கள். மேகம் ஓடும். மத்தளம் போல ஒரு அடி விழும்போது தொடரின் பெயர் வந்து விழும். அந்த ஓப்பனிங்தான் கலையரசனுக்கு உயிர். வருஷம் பூராவும் வந்தவற்றைச் சலித்துப் பத்தைப் பொறுக்கி, ஒன்று முதல் பத்து வரை ரேங்க் போடுவார். டிசம்பர் கடைசி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வாட்ஸப் குரூப்பில் வெளியிடுவார். குரூப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஏழு வருஷமாக அவர் போட்டதுதான் லிஸ்ட்.

இந்த வருஷம் கல்பாக்கத்திலிருந்து பாலா என்று ஒருவன் கிளம்பியிருந்தான். "அண்ணாத்த, ஆறு மணிக்கு உன் லிஸ்ட் வரலைன்னா என் லிஸ்ட்தான். வருஷம் பூரா அதான் குரூப்ல தொங்கும்" என்று எல்லோர் முன்னாலும் சவால் விட்டுவிட்டான்.

வீட்டில் இந்தக் கலைக்கு மரியாதை கிடையாது. மனைவி துர்காதேவிக்கு ரிமோட்டில் பிடித்த ஒரே பொத்தான் ஸ்கிப்.

"இன்னாங்க இது, எல்லாத்துலயும் ஒருத்தன் ஓடிகினே கீறான்? பஸ் போயிடுச்சா?"

"அவன் லட்சியத்த நோக்கி ஓடுறான் துர்கா."

"முடிய வெட்டிக்கினு ஓடலாமில்ல? கண்ணுல வுழுது பாரு."

"அதெல்லாம் உனக்குப் புரியாது. இது ஓப்பனிங்."

"இன்னா ஓப்பனிங்? துணிக்கடையா? உள்ள போயி பார்ப்பீங்களா, வாசல்லயே நின்னுகினு இருப்பீங்களா?" என்பாள். பொத்தானை அமுக்குவாள். பதினெட்டு வருஷத்தில் இந்த வாதத்தில் அவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

இப்படி இருக்கும்போது அதே கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது செய்யூரில் காதுகுத்து. துர்காதேவியின் தங்கை குழந்தைக்கு. போனால் லிஸ்ட் போச்சு. போகாவிட்டால் மானம் போச்சு. இரண்டு நாள் யோசித்துக் கலையரசன் ஒரு பொய்யைத் தயார் செய்தார்.

"துர்கா, ஞாயித்துக்கிழம ஓவர்டைம் போட்டுட்டாங்க. கண்டிப்பா வரணுமாம்."

பூகம்பத்துக்குத் தயாராகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கு இன்னா? டூட்டிதானே முக்கியம். நானும் அனுவும் போய்க்கிறோம்" என்றாள் அவள்.

அப்போதே அவர் உஷாராகி இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டவள் இல்லை அவள். ஆனால் சந்தோஷம் மனுஷனின் மூளையை முதலில் சாப்பிட்டுவிடும்.

ஞாயிறு காலை யூனிஃபார்ம் மாட்டி, டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு, வண்டியை ஏரிக்கரைக்கு விட்டார். கரைமேல் முக்கால் மணி நேரம் நின்றார். 'பஸ் ஏறிட்டோம்' என்று மகள் அனுவிடமிருந்து மெசேஜ் வந்ததும் வீட்டுக்குத் திரும்பி, லுங்கிக்கு மாறி, டீவி முன்னால் உட்கார்ந்தார். மொத்தம் நாற்பது ஓப்பனிங். பாட்டுக்கு மார்க், ஓட்டத்துக்கு மார்க், வானத்துக்கு மார்க், பெயர் விழுகிற அழகுக்குத் தனி மார்க்.

முதல் பாட்டில் ஒரு பெண் சூரியனை நோக்கிக் கையை நீட்டினாள்.

கேட்டை யாரோ தட்டினார்கள்.

கயிறும் பக்கெட்டுமாக நின்றான் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற குமார். ஆள் ஆறடி. அகலமும் ஏறக்குறைய அதேதான்.

"அண்ணா, மாடி டேங்க் கழுவணும்னு அக்கா வரச் சொன்னாங்க."

"நான் வூட்ல இருப்பேன்னு யாருப்பா உனக்குச் சொன்னது?"

"அக்காதான். அண்ணன் இன்னிக்கு ஃபுல்லா வூட்லதான் குந்திகினு இருப்பாரு, நம்பிப் போன்னாங்க."

போன் போட்டு அவளைக் கேட்கலாம். கேட்டால், நீங்க எங்கிருந்து பேசுறீங்க என்பாள். இவன் ஏதோ தப்பாகக் காதில் வாங்கியிருக்கிறான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

"சரி, கழுவிட்டுப் போ."

"நான் எப்படிண்ணா கழுவறது? அந்த மூடி வழியா என் கால்தான் போவும். அண்ணன் ஒல்லி, அவரே எறங்குவாருன்னு அக்கா சொல்லிட்டாங்களே!"

ரேங்க் போட உட்கார்ந்தவர் டேங்க்கில் இறங்கினார். உள்ளே கும்மிருட்டு, முழங்கால் வரை சேறு. மேலே வட்டமாகக் கொஞ்சம் வானம். அந்த வானத்தை மறைத்துக்கொண்டு குமார், "மூலையில தேய்ங்கண்ணா, பாசி கீது" என்று யோசனை சொன்னான். மூன்று மணி நேரம். வெளியே வந்தபோது இடுப்பு நிமிரவில்லை. பார்த்து முடித்தது ஒரு ஓப்பனிங். அதிலும் பாதி.

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் உட்கார்ந்தார். எட்டுப் பார்த்தார். ஒன்பதாவதில் செத்துப்போன ஒரு தபால்காரன் கடல்மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனான். கலையரசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான்! இந்த வருஷத்தின் முதலிடம் இதுதான்!

"அண்ணே!"

பக்கத்து வீட்டு விஜயகுமாரி. இடுப்பில் ஒரு கூடை, பின்னால் இரண்டு கூடை. அவ்வளவும் மிளகாய்.

"உங்க மாடியில காய வெச்சிக்கச் சொல்லி துர்கா சொல்லிச்சிண்ணே. நீங்க பாத்துக்குவீங்களாம். கொரங்கு வந்தா வெரட்டுங்க, மழ வந்தா அள்ளுங்க. அவ்ளோதான் வேல."

"நான் டூட்டிக்குப் போகணுமே விஜயா..."

"லுங்கியோடயா?"

மிச்சம் முப்பத்தொரு ஓப்பனிங்கையும் மொட்டை மாடியில், கையில் கழியோடு, நாலு அங்குல போனில் பார்த்தார் கலையரசன். ஜப்பானில் வாள் சண்டை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் மதுராந்தகத்தில் ஒரு குரங்கு வரும். ஒரு சோகப் பாட்டில் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டார். மிளகாய்க் கையால். அப்புறம் கால் மணி நேரம் ஊரே கேட்கிற மாதிரி அழுதார்.

ஐந்தே முக்காலுக்கு வானம் கறுத்தது. லிஸ்ட் டைப் செய்ய விரல் உதவாது, கண்ணும் தெரியாது. வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் வசதியை முடுக்கி, சுவர்மேல் வைத்து, பத்தாம் இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பது, எட்டு, ஏழு... இரண்டு. மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

"முதலிடம்..." என்று பெருமூச்சு விட்டார்.

"மழ வருது! மொளகாய அள்ளு!" என்று பக்கத்து மாடியிலிருந்து கத்தினாள் விஜயகுமாரி. அவசரத்தில் அண்ணன் மரியாதையும் பறந்துவிட்டது.

புறங்கையால் அனுப்பு பொத்தானைக் குத்திவிட்டு, பாய்ந்துபோய் அள்ளினார். மூன்று கூடையையும் கீழே சேர்த்துவிட்டுப் போனைப் பார்த்தால், லிஸ்ட் குரூப்பின் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

'முதலிடம்: மழ வருது மொளகாய அள்ளு.'

பாலா கேட்டிருந்தான்: "அண்ணாத்த, நம்பர் ஒண்ணு எந்த ஆப்ல கீது? நான் பாக்கவே இல்லியே!" அதற்குக் கீழே யாரோ ஒருவர்: "இது தெரியாதா ப்ரோ? செம ஓப்பனிங். பாத்து அழுதுட்டேன்." இன்னும் பதினாலு பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். தபால்காரன் கடலோடு போனான்.

திருத்த நேரமில்லை. தெருமுனையில் ஷேர் ஆட்டோ சத்தம். எரிகிற உடம்புமேல் யூனிஃபார்மை மாட்டி, ஷூவில் காலை நுழைத்து, அப்போதுதான் வந்தவர் போல வண்டிப் பக்கத்தில் போய் நின்றார்.

துர்காதேவி இறங்கினாள். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"டூட்டி முடிஞ்சிச்சா?"

"இப்பதான் வரேன். செம வேல."

"கண்ணு ஏன் செவந்து கீது?"

"மெஷின் பொகை."

"கம்பெனியில மொளகா அரைக்கிறாங்களா?"

கலையரசன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, அந்தக் குரூப்பைத் திறந்து காட்டினாள். 'ஞாயிறு முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்து ரேங்க் போடப் போகிறேன் நண்பர்களே' என்று போன வாரம் அவர் போட்ட அறிவிப்பு பளபளத்தது.

"ரெண்டு வருஷமா நானும் இதுல கீறேன். அனுதான் சேத்துவுட்டா" என்றாள். பிறகு பலகாரப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, படியேறிக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்கும் ஓவர்டைம் சொல்லி வெச்சிடுங்க. மாடிக்கு வெள்ளையடிக்க ஆள் கெடைக்கல."